பாலுக்கும் சாறுக்கும் கடதாசிப் பெட்டி: கரைப்பதில் இருந்து தொடங்குங்கள்

என் அப்பா வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் கூழ் கரைக்கும் பகுதியில் வேலை செய்தவர். 1950களில் எழுந்த அந்த ஆலை நம் பக்கத்து வயல் வைக்கோலை அவித்துக் கடதாசி செய்தது. பிறகு பழைய கடதாசியையும் கரைத்தது. சின்ன வயதில் ஒருநாள் அப்பா என்னைத் தூக்கி, கூழ்த்தொட்டியை எட்டிப் பார்க்க வைத்தார். அடியில் ஒரு தகடு சுழல, கஞ்சி போல வெள்ளையாகச் சுற்றிக்கொண்டிருந்தது கூழ். யாரோ பழைய கடதாசியோடு கலந்துவிட்ட பூச்சுக் கடதாசித் துண்டுகள் மட்டும் கரையாமல் திரும்பத் திரும்ப மேலே வந்தன. “தண்ணியில அவிழுறதுதான் மனே கடதாசி. அவிழாட்டி அது எங்களுக்குக் குப்பை” என்றார்.

இப்போது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பாலும் பழச்சாறும் செய்து விற்கும் சிறு உற்பத்தியாளர்களுக்குப் பொதியிடல் வேலையில் உதவுகிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் “எந்த நிறத்தில் அச்சடிக்கலாம்?” என்றுதான் தொடங்குவார்கள். நான் அவர்களை அப்பாவின் தொட்டிக்குக் கூட்டிப் போகிறேன். பெட்டி எப்படி அவிழும், அதை யார் அவிழ்ப்பார் என்பது முதலில் தெரிய வேண்டும். எப்படிக் கட்டுவது என்பது அதற்குப் பிறகு. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

பெட்டி வேண்டாதவர்கள்

எருமைத் தயிர் விற்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சட்டியை விடாதீர்கள். மண் சட்டி தயிரின் நீரை இழுத்து அதை இறுக வைக்கிறது. கடதாசிக் கிண்ணத்தால் அந்த வேலை நடக்காது. உடைந்த சட்டி மண்ணோடு மண்ணாகும். மாற்ற வேண்டியது சட்டியின் வாயில் கட்டும் பொலித்தீனைத்தான். அதற்குத் தடித்த கடதாசியும் சணல் நூலும் போதும்.

சொந்த ஊருக்குள் வீடு வீடாகப் பால் கொடுப்பவருக்கும் பெட்டி தேவையில்லை. கண்ணாடிப் போத்தல் மறுநாள் திரும்பி வரும். நன்றாகக் கழுவிச் சுடுநீரில் அவித்து மறுபடி நிரப்பலாம்.

மற்றவர்களுக்கு, அதாவது பாஸ்டரைஸ் செய்த பால், மோர், சுவையூட்டிய பால், விளாம்பழச் சாறு, நெல்லிச் சாறு போன்றவற்றைக் கடைகளுக்கும் வெளியூருக்கும் அனுப்புகிறவர்களுக்குத்தான் இனி வருவது.

முதல் வேலை: மட்டை வாங்குபவரிடம் போங்கள்

வடிவமைப்பாளரிடம் போவதற்கு முன், உங்கள் ஊரில் பழைய கடதாசி, மட்டை, போத்தல் நிறுத்து வாங்குபவரிடம் போங்கள். கையில் மூன்று பொருள் இருக்கட்டும்: சாதாரண காட்போட் பெட்டியின் ஒரு துண்டு, ஒரு கடதாசிக் கப், கழுவிக் காயவைத்த பழச்சாற்றுப் பெட்டி ஒன்று. “இதில் எதையெல்லாம் எடுப்பீர்கள்?” என்று கேளுங்கள்.

அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அனுபவமுள்ளவர் ஒவ்வொன்றையும் மூலையில் பிடித்துக் கிழிப்பார். காட்போட் நார் நாராகக் கிழியும். கப்பைக் கிழித்தால் கடதாசி விட்டுப்போனாலும் உள்ளே ஒரு மெல்லிய படலம் ஜவ்வாக இழுபடும். சாற்றுப் பெட்டியில் படலத்தோடு வெள்ளித் தாளும் தெரியும். நான் போன இடங்களில் முதலாவதை உடனே தராசில் போட்டார்கள். மற்ற இரண்டையும் திருப்பித் தந்தார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது. அவர்களிடம் வாங்குகிற ஆலை எதை எடுக்குமோ அதைத்தானே அவர்களும் எடுக்க முடியும்?

பூச்சுப் பூசிய பெட்டி மீள்சுழற்சிக்கு ஏற்றதா என்று கேட்டால், தொழில்நுட்பத்தில் ஏற்றதுதான். அப்பாவின் தொட்டியைப் போன்ற ஒன்றில், ஆனால் இன்னும் கூடுதல் நேரம், ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் சுழற்றினால் நார் பிரிந்துவிடும்; பிளாஸ்டிக்கும் அலுமினியமும் தனியே மிஞ்சும். அந்த நார் பெரும்பாலும் ஊசியிலை மரத்து நீண்ட நார். பழைய பத்திரிகைக் கடதாசியின் நாரைவிட எவ்வளவோ வலுவானது. ஆனால் அதற்கென்று தொட்டி வைத்திருக்கும் ஆலைக்குப் பெட்டி போய்ச் சேர வேண்டும். போய்ச் சேராத பெட்டி வெறும் குப்பை.

குப்பை என்றால் நம் பக்கத்தில் அது என்ன என்று அம்பாறைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்ற யானைகள் 2022 ஜனவரியில் இறந்து கிடந்தன. அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் அங்கே ஏறத்தாழ 20 யானைகள் அப்படிப் போயின என்று அப்போது செய்தி வந்தது. யானை வருவது உணவு வாசத்துக்கு. பால் ஒட்டிய பெட்டியும் சாறு ஒட்டிய பெட்டியும் அந்த வாசத்தோடுதான் அங்கே போகின்றன. இந்த வேலையைத் தொடங்கும் எவரும் அந்தப் படங்களை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, மட்டை வாங்குபவர் பூச்சுப் பெட்டியை எடுக்கவில்லை. உங்களுக்கு முன் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, பையும் பெட்டியும் தனித்தனியாக இருக்கும் பொதி. உள்ளே மெல்லிய பொலித்தீன் பை, அதற்கு ஒரு குழாய், வெளியே பூச்சே இல்லாத காட்போட் பெட்டி. 1955இல் அமெரிக்காவில் வில்லியம் ஷோல் என்பவர் பற்றரி அமிலத்தை அனுப்பக் கண்டுபிடித்த முறை இது. இன்று பால், சாறு, எண்ணெய் எல்லாம் இதில் போகின்றன. குடித்து முடிந்ததும் கையாலேயே பையை உருவி எடுத்துவிடலாம். பெட்டி சுத்தமான காட்போட். எந்த மட்டைக்காரரும் எடுப்பார். பாசிக்குடா, அறுகம்பைப் பக்கத்து ஹோட்டல்களுக்கு 3 லீட்டர், 5 லீட்டராகக் கொடுக்கிறவர்கள் வேறெதையும் யோசிக்காமல் இதற்கே போகலாம். கிழக்கில் சிறு உற்பத்தியாளருக்கு இன்றைக்குப் பொருந்தும் மிக நேர்மையான கடதாசிப் பொதி இதுதான் என்பது என் முடிவு.

மற்றது, கடைத்தட்டுக்கான சிறு பெட்டியோ கப்போதான் வேண்டும் என்றால், வெற்றுப் பெட்டிகளைத் திரும்பச் சேர்க்கும் பொறுப்பை நீங்களே எடுப்பது. அதற்கு இடம், ஆள், சேர்ந்ததை எடுக்க ஒப்புக்கொண்ட ஆலை மூன்றும் தேவை. ஆலையின் சம்மதத்தை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

இனி வரும் படிகள் இந்த இரண்டாவது வழிக்காரருக்கு.

எத்தனை நாள் இருக்க வேண்டும்?

பெட்டியில் எத்தனை அடுக்கு என்பதை முடிவுசெய்வது இந்த ஒரு கேள்விதான். மேசையில் மாதக்கணக்கில் வெளியே நிற்கும் பால் பெட்டியை வெட்டிப் பார்த்தால் ஆறு அடுக்கு இருக்கும். வெளியே பொலித்தீன், அடுத்து மட்டை, மறுபடி பொலித்தீன், பிறகு அலுமினியத் தாள், அதன் உள்ளே இன்னும் இரண்டு பொலித்தீன். நிறையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மட்டை, ஐந்தில் ஒரு பங்கு பொலித்தீன், 5 சதவீதம் அளவில் அலுமினியம். அந்த அலுமினியத் தாளின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஒக்சிசனையும் ஒளியையும் தடுப்பது அதன் வேலை. பாலை 135 பாகைக்கு மேல் சில விநாடிகள் சூடாக்கி, பெட்டியையும் ஐதரசன் பெரொக்சைட்டால் கிருமி நீக்கி, காற்றே படாமல் அடைக்கும் பெரிய இயந்திரம் இருந்தால்தான் இத்தனை அடுக்குக்கும் பலன் உண்டு. சுவீடனின் டெட்ரா பக் 1960களின் இறுதியில் இந்த வகைப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம்மைப் போன்ற சிறியவர்களுக்கான முறை இல்லை இது.

நீங்கள் 63 பாகையில் 30 நிமிடமோ, 72 பாகையில் 15 விநாடியோ பாஸ்டரைஸ் செய்து, 4 பாகைக் குளிரில் வைத்து, ஒரு கிழமைக்குள் விற்கப் போகிறீர்கள். அப்படியானால் அலுமினியம் தேவையில்லை. மட்டையும் இரு பக்கமும் மெல்லிய பொலித்தீனும் போதும். கூரை போல மேலே மடிந்த பால் பெட்டி அப்படிப்பட்டதுதான். அமெரிக்காவில் ஜோன் வான் வோமர் 1915இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஓர் அடுக்கு குறைந்தால் கூழ்த்தொட்டியில் ஒரு தொல்லை குறையும்.

தேவைக்கு மேல் காப்பு வைப்பது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. “இருந்துட்டுப் போகட்டும், பாதுகாப்புத்தானே” என்பார்கள். ஏழு நாள் சாற்றுக்கு ஏழு மாதப் பெட்டி எதற்கு?

நிறையை நீங்களே கணக்குப் பார்க்கலாம். மட்டையை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். 250 கிராம் மட்டையில் வெளியே 15, உள்ளே 25 கிராம் பொலித்தீன் பூசினால் மொத்தம் 290. அதில் 40 பொலித்தீன், அதாவது ஏறத்தாழ 14 சதவீதம். உள்ளே மட்டும் 18 கிராம் பூசிய கப் மட்டை என்றால் 268இல் 18. 7 சதவீதத்துக்கும் குறைவு. விற்பவரிடம் இந்த எண்களைக் கேளுங்கள். சொல்ல மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

பொலித்தீனுக்குப் பதிலாக நீரில் கரைத்துப் பூசும் மெல்லிய பூச்சுகளும் இப்போது வந்திருக்கின்றன. கூழாக்கும்போது அவை சிறு துகள்களாக உடைந்து போகும் என்பதால் பிளாஸ்டிக் படலமாக எஞ்சுவது குறைவு. குளிர்ந்த மோருக்கு, இரண்டு மூன்று நாளுக்கு, இவை தாங்கலாம். மடிப்பில் வெடிக்கிறதா என்று பார்க்காமல் ஏற்காதீர்கள். எண்ணெய், கொழுப்பு ஒட்டாமல் இருக்க புளோரின் சேர்மங்கள் கலந்த மட்டையை மட்டும் தொடவே வேண்டாம். உணவுக் கடதாசியில் அவற்றை டென்மார்க் 2020இல் தடைசெய்துவிட்டது. “புளோரின் சேர்க்கப்படவில்லை” என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாறு செய்பவருக்கு ஒரு சின்னச் செய்தி. தோடம்பழம், எலுமிச்சையின் வாசனை எண்ணெயைப் பொலித்தீன் உறிஞ்சிக்கொள்ளும். நாலாம் நாள் சாற்றின் மணம் மங்கியிருந்தால் உங்கள் பழத்தில் குறை இல்லை.

அடுப்படியில் ஒரு கூழ்த்தொட்டி

மாதிரி மட்டை கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய சோதனை இது. இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. சமையல் தராசு, ஒரு பெரிய பாத்திரம், மத்து, கண் சற்றுப் பெரிய அரிதட்டு ஆகியவை போதும்.

பிளெண்டரை எடுக்காதீர்கள். அதன் அலகு பொலித்தீனையும் பொடியாக வெட்டிவிடும். எல்லாமே கரைந்தது போலத் தோன்றி ஏமாந்துபோவீர்கள். ஆலைத் தொட்டி வெட்டுவதில்லை. நீரின் சுழற்சியால் நாரோடு நாரை உரசித்தான் பிரிக்கிறது. தயிர் கடையும் மத்து கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். கேக் அடிக்கும் பீட்டர் இருந்தால் கை வலி மிச்சம்.

மட்டையில் 20 கிராம் நிறுத்து, பெருவிரல் நக அளவுத் துண்டுகளாகக் கிழியுங்கள். ஒரு லீட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில், கை பொறுக்கும் சூட்டில், ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு அரை மணி நேரம் கடையுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. துண்டுகள் வழுக்கிக்கொண்டு ஓடும். பத்தாவது நிமிடத்தில் தண்ணீர் அரிசி கழுவிய நீர் போல மங்கும். அப்புறம் துண்டுகளின் ஓரத்தில் பஞ்சு போல ஏதோ பிரிந்து நிற்பது தெரியும். ஒரு துண்டை எடுத்து இரு விரலால் தேய்த்தால் மட்டை கழன்று, கண்ணாடி போன்ற படலம் கையில் மிஞ்சும். முதன்முறை செய்பவர்கள் இந்த இடத்தில் சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். எனக்கும் அந்தப் படலத்தை ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

இப்போது அரிதட்டில் ஊற்றி, குழாயைத் திறந்துவிட்டு நன்றாகக் கழுவுங்கள். நார் கீழே போகும், படலம் மேலே நிற்கும். மேலே நின்றதைக் காயவைத்து நிறுங்கள். 20 கிராமில் 3 கிராம் மிஞ்சினால் 85 சதவீதம் நார் பிரிந்திருக்கிறது. விற்பவர் சொன்ன எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அரை மணி நேரம் கடைந்தும் மட்டை தோல் போல அப்படியே கிடந்தால், ஈரத்திலும் கிழியாமல் இருக்கப் பிசின் ஏற்றிய மட்டை அது. குளிர்பானத்துக்கு நல்லது என்று விற்பார்கள். அப்பா சொன்ன குப்பை அதுதான், வேண்டாம்.

கீழே போன கூழையும் வீசாதீர்கள். ஒரு பருத்தித் துணியில் வடித்துத் தட்டையாக அழுத்தி, இரண்டு வெள்ளைக் கடதாசிக்கு நடுவில் வைத்து இஸ்திரிப்பெட்டியால் மிதமான சூட்டில் அழுத்திக் காயவையுங்கள். பிரிக்கும்போது கடதாசியோடு ஒட்டினால் பெட்டியின் பசை கூழில் கலந்திருக்கிறது. ஆலைக்காரருக்குத் தலைவலி தருவது அந்தப் பசைத் துகள்தான். கடதாசி ஓடும் உருளைகளில் அப்பி, தாளை அறுத்துவிடும். ஐரோப்பியக் கடதாசித் தொழிலின் கூட்டமைப்பான செப்பி வகுத்த ஆய்வுகூட முறையிலும் கூழாக்கல், சலித்தல், ஒட்டும் தன்மை பார்த்தல் என்று இதே அம்சங்கள்தான் வருகின்றன. பெரிய ஓடர் கொடுக்கும் முன் அத்தகைய ஆய்வுகூட அறிக்கை கேட்பது அவசியம். ஆனால் மத்தும் அரிதட்டும் உங்களுக்குக் கற்றுத்தருவதை எந்த அறிக்கையும் தராது.

ஓரம், ஓரம், ஓரம்

நான் கையிட்ட முதல் சாற்றுப் பெட்டி அடியால் கசிந்தது. விளாம்பழச் சாறு, 250 மில்லிலீட்டர். செங்கலடியில் ஓர் அக்கா செய்து விற்றார். பெட்டிகளை ஓர் அச்சகத்தில் செய்வித்தோம். பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாம் நாள் காலை அழைத்தார். “தம்பி, மூடியால இல்ல, அடியாலதான் வருது. வந்து பாருங்ககா.” போய்ப் பார்த்தேன். பெட்டியின் முகம் எல்லாம் உறுதியாக இருந்தது. அடி மூலையில் மட்டும் பழுப்பாக ஒரு பிறை. தொட்டால் மெத்தென்று அமுங்கியது. மட்டையின் முகத்தைத்தான் நான் சோதித்திருந்தேன். வெட்டிய ஓரத்தைச் சோதிக்கவே இல்லை. 200 பெட்டிச் சாறு நட்டம் அவருக்கு. அதற்குப் பிறகு ஒரு பெட்டியைக்கூட ஓரம் பார்க்காமல் நான் விட்டதில்லை.

காரணம் எளிமையானது. பூச்சு மட்டையின் இரண்டு முகத்தில்தான் இருக்கிறது. வெட்டிய இடத்தில் நார் வெறுமையாக நிற்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அது சாற்றை இழுக்கும். மோரில் இருக்கும் லக்டிக் அமிலம் இன்னும் வேகமாக ஏறும்.

வீட்டில் பார்க்க வழி இருக்கிறது. மட்டையை 5 சென்ரிமீட்டர் சதுரமாக வெட்டி, ஒரு தட்டில் அரை விரல் ஆழத்துக்குக் கடும் பிளேன்டீ ஊற்றி, செங்குத்தாக நிற்க வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சாயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பென்சிலால் கோடிடுங்கள். பிறகு உங்கள் மோரிலும் சாற்றிலும் அதே போல ஒரு நாள் முழுக்க, பிரிட்ஜில். இரண்டு மூன்று விற்பனையாளரின் மட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். திரவ உணவுக்கென்று செய்த மட்டையில் கூழிலேயே நீரெதிர்ப்புப் பொருள் சேர்த்திருப்பார்கள், ஏ.கே.டி. என்பது அதில் ஒன்று. சாதாரணப் பெட்டி மட்டையில் அது போதிய அளவு இராது. “லிக்குவிட் பக்கேஜிங் போட்” என்று கேட்டு வாங்குங்கள்.

மட்டை நல்லதாக இருந்தாலும் உள்ளே ஒரு வெட்டோரம்கூடத் திரவத்தைத் தொடக்கூடாது. பக்க இணைப்பில் உள்ளோரத்தைத் திருப்பி மடித்து ஒட்டலாம், அல்லது அதன்மேல் மெல்லிய பொலித்தீன் நாடா ஒட்டலாம். பெரிய ஆலைகள் இரண்டையும் செய்கின்றன. அடிப்பக்கத்தில் மூலைகள் வெட்டப்படாமல் மடிந்து உள்வாங்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மடிப்பும் வடிவமும்

கடதாசிக்கு மரத்தைப் போல ஓட்டம் உண்டு. இயந்திரம் ஓடிய திசையில் நார்கள் கூடுதலாகப் படுத்திருக்கும்; அந்தத் திசையில் மட்டை விறைப்பு, கிழித்தால் நேராகப் போகும். குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். இரண்டு திசையிலும் ஒவ்வொரு முறை கிழித்துப் பார்த்து, பென்சிலால் அம்புக்குறி போட்டுவிடுங்கள். விறைப்பான திசை பெட்டியைச் சுற்றி வருமாறு வைத்தால் பக்கங்கள் தொந்தி தள்ளுவது குறையும்.

500 மில்லிலீட்டருக்கு 7 சென்ரிமீட்டர் சதுர அடி எடுத்தால் திரவம் 10.2 சென்ரிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். அதற்கு மேல் ஒரு விரற்கடை வெற்றிடம் விடுங்கள். ஒல்லியாக உயர்ந்த பெட்டி கடையில் எடுப்பாகத் தெரியும், ஆனால் அதே பாலுக்கு மட்டை கூடச் செலவாகும். நான் எப்போதும் குண்டுப் பெட்டியின் பக்கம்.

மடிப்புக் கோட்டை வெறும் கையால் மடித்தால் பூச்சு வெடிக்கும். அச்சகத்தில் கோடு அழுத்தும்போது, கீழிருக்கும் பள்ளத்தின் அகலம் அழுத்தும் கம்பியின் தடிப்போடு மட்டைத் தடிப்பைப் போல ஒன்றரை மடங்கு சேர்ந்ததாக ஏறத்தாழ இருக்க வேண்டும். மடித்த பிறகு உள்பக்கம் பிளேன்டீயில் நனைத்த பஞ்சால் தடவுங்கள். கறுப்பு மயிரிழை தெரிந்தால் அங்கே பூச்சு உடைந்திருக்கிறது.

முதல் மாதிரிகளைக் கையாலேயே செய்யலாம். பொலித்தீன் பூசிய இரு முகங்களைச் சேர்த்து, மேலே பேக்கிங் தாள் வைத்து இஸ்திரிப்பெட்டியால் சில விநாடி அழுத்துங்கள். பொலித்தீன் 110 பாகை அளவில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆறிய பிறகு பிய்த்துப் பாருங்கள். ஒட்டு விடாமல் மட்டையின் நார் கிழிந்து வந்தால் நல்ல ஒட்டு.

மூடி, லேபல், மை

மூடி வேண்டுமென்றால் பொலித்தீன் குடும்பத்திலேயே எடுங்கள். அது நீரில் மிதந்து படலத்தோடு சேர்ந்து போகும். பி.வி.சி. வேண்டாம். மூடி பெட்டியோடு தொங்கிக்கொண்டே இருப்பது நல்லது. ஐரோப்பிய ஒன்றியம் 3 லீட்டர் வரையான பானப் பொதிகளுக்கு 2024 யூலை முதல் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உறிஞ்சு குழாய்க்கு நமக்கும் ஒரு சட்டம் உண்டு: ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ 2023 ஒக்டோபர் முதல் இலங்கையில் தடை. பெட்டியில் ஸ்ட்ரோ ஒட்ட நினைத்தால் கடதாசி ஸ்ட்ரோதான்.

தனி லேபல் ஒட்டாமல் நேரே அச்சடிப்பது மேல். ஒட்டியே ஆகவேண்டுமானால் கடதாசி லேபலும் நீரில் விடும் பசையும். மை உணவுப் பொதிக்கென்று செய்ததாக இருக்கட்டும், பரப்பு குறைவாக இருக்கட்டும். பெட்டி முழுக்கக் கரும்பச்சை பூசினால் கூழும் அந்த நிறமாகும். பழைய கடதாசியில் செய்த மட்டையை உணவு தொடும் பக்கத்துக்கு எடுக்காதீர்கள். அச்சு மையின் எண்ணெய்கள் அதிலிருந்து உணவுக்கு ஏறக்கூடும். பையும் பெட்டியுமான பொதியின் வெளிப்பெட்டிக்கு அது தாராளமாகப் போதும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாதிரியைக் காட்டுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் லேபலுக்கான விதிகள் இருக்கின்றன. இனிப்புப் பானத்துக்கு 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளமும் உண்டு: 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழ் பச்சை. அதற்கு முன்பக்கத்தில் இடம் விடுங்கள்.

மீள்சுழற்சி அம்புக்குறியை மட்டும் போட்டுவிட்டு நிற்காதீர்கள். படிப்பவர் கை என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதுங்கள்: “அலசுங்கள், தட்டையாக்குங்கள், காயவைத்து இந்தக் கடையிலேயே திருப்பித் தாருங்கள்.” அலசாத பால் பெட்டி நம் வெயிலில் ஒரே நாளில் நாறும், அதன் பிறகு யாரும் தொடமாட்டார்கள். திருப்பி எடுக்க ஏற்பாடு இல்லாவிட்டால் அந்த வரியை அச்சடிக்கவே கூடாது.

மாரியிலும் கச்சானிலும்

மற்ற ஊர்க்காரர் எழுதிய வழிகாட்டிகளில் பார்க்க முடியாதது நம் காலநிலை. மாரிகாலத்து ஈரத்தில் காட்போட் தன் தாங்கும் வலுவில் பாதியளவை இழந்துவிடும். கச்சான் காற்று அடிக்கும் வெக்கை மாதங்களில் பிரிட்ஜிலிருந்து எடுத்த பெட்டி ஐந்து நிமிடத்தில் வேர்த்து வடியும். அந்த வியர்வையை வெளியோரங்கள் குடிக்கும். அதனால் மாதிரிகளை இரண்டு பருவத்திலும் சோதியுங்கள்.

பத்துப் பெட்டியில் சாயநீர் நிரப்புங்கள். பழைய பத்திரிகை விரித்து, நான்கை நிமிர்த்தியும் நான்கைப் படுக்கவைத்தும் ஓரிரவு விடுங்கள். பத்திரிகையில் ஒரு துளி விழுந்தாலும் தெரியும். மிச்சம் இரண்டை மேசை உயரத்திலிருந்து மூலை கீழாக விழவிடுங்கள். பிறகு உண்மையான பாலோடு ஏழு நாள் குளிரில். தினமும் எடுத்து அரை மணி நேரம் வெளியில் வைத்துத் திரும்ப உள்ளே. கடைக்காரர் வீட்டில் மின்சாரம் போய்வருவதை இது ஓரளவு காட்டும். பயணச் சோதனைக்கு ஒரு பெட்டிக்கட்டைக் கல்முனை வழியாக அக்கரைப்பற்றுக்கு பஸ்ஸில் அனுப்பித் திருப்பி எடுங்கள். அடுக்கின் அடிவரிசையில் இருந்தவற்றை முதலில் திறந்து பாருங்கள்.

எல்லாம் தேறினால் குறைந்த எண்ணிக்கையில் தொடங்குங்கள். அச்சகங்கள் பெரும்பாலும் பெரிய எண்ணிக்கை கேட்கும். இரண்டு மூன்று உற்பத்தியாளர் சேர்ந்து ஒரே அளவுப் பெட்டியை எடுத்து, பொருளின் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்தால் சமாளிக்கலாம். செங்கலடி அக்காவும் இன்னும் இருவரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

விற்பனை தொடங்கி ஒரு மாதம் ஆனதும் திரும்பி வந்த பெட்டிகளை எண்ணுங்கள். எத்தனை போனது, எத்தனை வந்தது, வந்ததில் எத்தனை அலசியிருந்தது என்று மூன்று கட்டம் போட்ட ஒரு கொப்பி போதும். பிறகு அலசித் தட்டையாக்கிய பத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஆரம்பத்தில் பார்த்த அதே மட்டைக்காரரிடம் மறுபடி போங்கள். ஆலை இன்னதை எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறது என்ற கடிதத்தையும் காட்டுங்கள். அவர் ஒன்றை எடுத்து மூலையில் பிடித்துக் கிழிப்பார். வெள்ளித் தாள் இல்லை, படலம் மெல்லியது, நாற்றம் இல்லை. அக்காவின் பெட்டிகளை அவர் தராசில் வைத்த அன்று நானும் பக்கத்தில் நின்றேன். கட்டு நாலரைக் கிலோ இருந்தது.